பிளக்ஸில் ஏறியவர்கள்

ஆகஸ்ட் 4, திங்கள்

எல்லாப் பிரிவு அலுவலர்களும் அன்றாடம் பணிக் குறிப்பேடு எழுத வேண்டும் என்று புது ஆணையர் உத்தரவு போட்டுவிட்டார். நான் இரண்டாக எழுத முடிவு செய்திருக்கிறேன். அவர் கையெழுத்துப் போடும் பச்சை நோட்டு ஒன்று. ஜவுளிக்கடையில் ஓசியாகக் கொடுத்த இந்த டைரி இன்னொன்று. பச்சை நோட்டில் நடக்க வேண்டியது இருக்கும், இதில் நடந்தது இருக்கும்.

பின்னால் யார் கையிலாவது கிடைத்தால் தெரியட்டும் என்பதற்காக: என் பெயர் மு. பரமகுரு. வயது ஐம்பத்து நான்கு. கரட்டூரணி நகராட்சியின் சுகாதார ஆய்வாளர். கொசு, தெருநாய், சாக்கடை, செத்த மாடு எல்லாம் என் இலாகா. மனிதர்கள் இதுவரை என் இலாகாவில் இல்லை. இன்று முதல் அவர்களும் என் தலையில்.

ஆணையர் நிவேதனுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. செப்டம்பர் எட்டாம் தேதி கலெக்டர் நம் பஸ் ஸ்டாண்டைப் பார்க்க வருகிறாராம். அதற்குள் எச்சில் துப்புகிறவன், சுவரோரம் ஒதுங்குகிறவன், பார்க் பெஞ்சில் சீட்டு விரிக்கிறவன் ஒருத்தன்கூடக் கண்ணில் படக் கூடாது. "பட்டா உங்கள மலைக்கு அனுப்பிருவேன் பரமகுரு சார்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். மலைமேல் ஒரு பேரூராட்சியில் என் பதவி இரண்டு வருடமாகக் காலியாக இருக்கிறது. எனக்குக் குளிர் ஆகாது. மார்கழியில் கரட்டூரணியிலேயே மப்ளர் கட்டுகிறவன் நான்.

மதியம் ஸ்டோர் ரூமில் ஸ்டாக் சரிபார்த்தேன். ஒன்றரை மணி நேரம்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

'பொது இட ஒழுங்கு விதிகள்' எழுதி முடித்தேன். மொத்தம் பதினொன்று. துப்புதல், ஒதுங்குதல், சீட்டாடுதல், போனில் பாட்டை அலறவிடுதல், நடுரோட்டில் மாட்டைக் கட்டுதல் என்று வரிசையாகப் போகும். ஏழாவது விதி, பொதுமக்களுக்கான இடத்தைத் தன் சொந்த உபயோகத்துக்குப் பிடித்து வைத்துக்கொள்ளுதல். நடைபாதை பரோட்டாக் கடைக்காரனை மனதில் வைத்து எழுதியது. பதினொன்றாவதை அழகுக்காகச் சேர்த்தேன்: 'இவ்விதிகள் ஆண் பெண் பேதமின்றி, பதவி பேதமின்றி அனைவருக்கும் பொருந்தும்.' வாசித்துப் பார்த்தேன். எனக்கே கொஞ்சம் புல்லரித்தது.

தண்டனையும் என் யோசனைதான். அபராதத்துக்கு நம் ஊரில் எவனும் அசையமாட்டான். மானத்துக்குத்தான் பயப்படுவான். எனவே பிடிபட்டவனின் படத்தைப் பெரிதாக பிளக்ஸ் அடித்து, பெயரோடும் குற்றத்தோடும், வாராவாரம் திங்கட்கிழமை பஸ் ஸ்டாண்டு வாசலில் கட்டுவது. ஆணையர் எழுந்து வந்து கை கொடுத்தார்.

இருபத்தேழு வருடம் இந்த ஊரில் குப்பை கொட்டியிருக்கிறேன். பிளக்ஸ் என்றால் கரட்டூரணிக்கு என்னவென்று எனக்கு ஏன் அன்றைக்கு உறைக்கவில்லையோ. (இந்த வரியைப் பத்து நாள் கழித்துச் சேர்த்தேன்.)

ஆகஸ்ட் 6, புதன்

மன்றக் கூட்டத்தில் விதிகள் நிறைவேறின. எதிர்ப்பு இல்லை. முக்கால்வாசி கவுன்சிலர்கள் வடை வரும்வரை தூங்கினார்கள்.

சாயங்காலம் வழக்கம்போல ஒச்சம்மாவிடம் ரெண்டு முழம் மல்லி வாங்கினேன். பஸ் ஸ்டாண்டில் ஸ்டோர் ரூமுக்கு நேர் எதிரே கூடை வைத்திருக்கிறாள். பத்தொன்பது வருடமாக அதே இடம். பூவை அளக்கும்போது முழங்கையை இழுத்து நீட்டுவாள், அவள் முழம் மற்றவர்கள் முழத்தைவிட அரை சாண் கூடுதல். அதனால்தான் அவளிடம் வாங்குகிறேன். கூடவே தினம் ஒரு கேள்வியும் இலவசம்.

"பொம்பளைக பாத்ரூம எப்ப சார் தொறப்பீக?"

"குழாய்ப் பழுதும்மா. எழுதிப் போட்ருக்கேன்."

"நாலு வருசமா ஒரே குழாயா சார்?"

மல்லியைப் பைக்குள் வைத்தேன். பொறியியல் பிரிவுக்கு எழுதியிருக்கிறேன் என்பது உண்மை. எப்போது எழுதினேன் என்பது ஞாபகம் இல்லை.

என் மனைவி கோகிலா ஏழு மணிக்கு வந்தாள். பக்கத்து ஊர்த் தபால் ஆபீசில் வேலை. போகவர இரண்டு வேளையும் நம் பஸ் ஸ்டாண்டில்தான் நின்று பஸ் மாறுகிறாள். வந்ததும் செருப்பை உதறி எறிந்துவிட்டு நேரே கொல்லைப்பக்கம் ஓடுவாள். திரும்பி வந்து நின்றபடியே இரண்டு செம்பு தண்ணீர் குடிப்பாள். அதற்கப்புறம்தான் மனுசியாகப் பேசுவாள். மூன்று நாலு வருடமாக இதே பழக்கம். சிலருக்குச் சில பழக்கம்.

ஆகஸ்ட் 11, திங்கள்

முதல் பிளக்ஸ் ஏறியது. எட்டுக்கு ஆறு அடி. ஆட்டோ டிரைவர் சோனைமுத்து, பஸ் ஸ்டாண்டு திறப்புவிழாக் கல்வெட்டின் மேல் வெற்றிலை எச்சில் துப்பிய குற்றம். பிடித்துப் படம் எடுத்தது எங்கள் ஒப்பந்த மேற்பார்வையாளர் கதிரேசன். ஓணான் மாதிரி எங்கே ஒட்டிக்கொண்டிருப்பான் என்றே தெரியாது, போனோடு இறங்குவான்.

சோனைமுத்து வெட்கத்தில் ஊரைவிட்டு ஓடுவான் என்று தூணுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தான். அண்ணாந்து பார்த்தான். இடுப்பில் கைவைத்து இந்தப் பக்கம் ஒருதரம், அந்தப் பக்கம் ஒருதரம் பார்த்தான். பிறகு என்னிடம் வந்தான்.

"படம் நல்லா விழுந்துருக்கு சார். எங்க அண்ணன் கல்யாணத்துலகூட என்னைய இம்புட்டுப் பெருசாப் போடல. வீட்டுக்கு ஒரு காப்பி கெடைக்குமா?"

ஆகஸ்ட் 12, செவ்வாய்

ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்கள் சோனைமுத்து பிளக்ஸுக்குப் பாலாபிஷேகம் செய்தார்கள். சரவெடி வேறு. வெடிக்குப்பையை அள்ளியது என் ஆட்கள். அடியில் காகிதத்தில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள்: 'இவண்: நாலாம் நம்பர் ஸ்டாண்டு தம்பிகள்.'

பச்சை நோட்டில் எழுதியது: 'பொதுமக்களிடையே பிளக்ஸ் பெரும் கவனம் பெற்றுள்ளது.'

ஆகஸ்ட் 14, வியாழன்

நேற்று மட்டும் பதினான்கு பேர் பிடிபட்டார்கள். பிடிபட்டார்கள் என்பது சரியான சொல் இல்லை. கதிரேசன் வரும்வரை காத்திருந்து துப்பினார்கள். ஒருத்தன் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, தலையைச் சீவிக்கொண்டு, "ரெடியாண்ணே?" என்று கேட்டுவிட்டுத் துப்பியிருக்கிறான். இன்னொருத்தனுக்கு அடுத்த திங்கட்கிழமை பிறந்தநாள். இனிஷியலைச் சரியாகப் போடச் சொல்லிச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பினானாம். ஆண்கள் கழிப்பறை பத்தடி தள்ளித் திறந்துதான் இருக்கிறது.

பிளக்ஸ் கடை ஜெயபாண்டி சொன்னது சரி. "சார், இந்த ஊர்ல மொய்யி வைக்க மறந்தாக்கூட மன்னிப்பாய்ங்க, பிளக்ஸ்ல மூஞ்சி விட்டுப்போனா வெட்டுக்குத்து. நீங்க கவருமெண்டு செலவுல போட்டுவிடுறீக. எவன் விடுவான்?"

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடியேற்றினோம். ஆணையர் உரையில் 'ஒழுக்கம்' பதினாறு முறை வந்தது. எண்ணினேன், வேறு வேலை இல்லை.

ஆகஸ்ட் 18, திங்கள்

இரண்டாவது பிளக்ஸில் ஆறு பேர். ஆளுக்கொரு வட்டத்தில் முகம், கோயில் கும்பாபிஷேகக் கமிட்டி மாதிரி இருக்கிறது.

முன்னாள் கவுன்சிலர் மொக்கச்சாமி அலுவலகத்துக்கே வந்துவிட்டார். முகமெல்லாம் சிவந்திருந்தது.

"ஏன்யா பரமகுரு, நேத்து மொளச்ச பயக மூஞ்சியெல்லாம் பஸ் ஸ்டாண்டுல தொங்குது. நானும் நாப்பது வருசமா இந்த ஊர்ல துப்பிக்கிட்டுத்தானய்யா இருக்கேன். எனக்கு என்ன மரியாத?"

விதிப்படி நேரில் பிடிபட வேண்டும் என்றேன். வாசலுக்குப் போய், என்னைப் பார்த்துக்கொண்டே, படிக்கட்டில் துப்பினார். கதிரேசன் எடுத்துவிட்டான். அடுத்த வாரத்துக்கு அவர்தான் நடுவில்.

ஆணையர் புள்ளிவிவரத்தைப் பார்த்துவிட்டு, "நடவடிக்கை நானூறு சதவீதம் கூடியிருக்கு, எக்ஸலண்ட்" என்றார். குற்றமும் அதே சதவீதம்தான் கூடியிருக்கிறது என்பதை நான் சொல்லவில்லை. கேட்டால் சொல்லலாம்.

ஸ்டாக் சரிபார்த்தேன். ஒன்றே முக்கால் மணி நேரம். மின்விசிறி டக்டக் என்று சத்தம் போடுகிறது, எண்ணெய் விட வேண்டும்.

ஆகஸ்ட் 20, புதன்

ஒச்சம்மா இரண்டு நாளாக வரவில்லை. கூடை இருந்த இடத்தில் ஒரு நாய் படுத்திருக்கிறது. வேறு ஒருத்தியிடம் பூ வாங்கினேன். "என்னங்க, ரெண்டு முழம்னு ஒண்ணே முக்காலை வாங்கிட்டு வந்திருக்கீங்க" என்றாள் கோகிலா.

ஆகஸ்ட் 25, திங்கள்

ஒச்சம்மா வந்துவிட்டாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. சிறுநீரகத்தில் கல்லாம், கூடவே புண்ணும். பெரியாஸ்பத்திரியில் ஐந்து நாள் படுத்திருந்திருக்கிறாள்.

"தண்ணியே குடிக்க மாட்டியான்னு அந்த டாக்டரம்மா வஞ்சு தள்ளிருச்சு சார். காலையில அஞ்சு மணிக்கு வீட்ல போனது, ராத்திரி வீட்டுக்குப் போயித்தான். நடுவுல குடிச்சா எங்கிட்டுப் போறது? அதான் நாக்க நனைக்கிறதோட சரி. இப்ப நாளைக்கு மூணு லிட்டரு குடிக்கணுமாம். இல்லன்னா மறுபடி கல்லு வரும், கிட்னியே போயிரும்னு சொல்லுது."

"குடிங்க" என்றேன்.

"குடிச்சா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் இருந்த நீலக் கதவைப் பார்த்தாள்.

ஒரு விஷயத்தை இங்கே எழுதிவிட வேண்டியதுதான். ஓசி டைரிதானே. நான் ஸ்டோர் ரூம் என்று எழுதிவருகிற இடத்தின் நீலக் கதவில் 'பெண்கள்' என்று இருக்கும். நான்கு வருடத்துக்கு முன்னால் குழாய் உடைந்தது உண்மை. பத்து நாளில் சரிசெய்ததும் உண்மை. அந்தப் பத்து நாளில், மழைக்கு ஒழுகுகிறதே என்று பிளீச்சிங் பவுடர் மூட்டைகளை அலுவலகத்திலிருந்து அங்கே கொண்டுவந்து அடுக்கினேன். மூட்டை இருந்தால் காவல் வேண்டும். காவலுக்கு ஒரு பெஞ்சு. பெஞ்சு இருந்தால் ஒரு மின்விசிறி. ஒன்றன்பின் ஒன்றாக வந்ததுதான், யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. விடுமுறை. எட்டு கொழுக்கட்டை. கோகிலா வீட்டிலேயே இருந்ததால் அந்த இரண்டு செம்புத் தண்ணீர்ச் சடங்கு இல்லை. பகல் முழுக்க அப்பப்போ கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டிருந்தாள். ஏனோ கவனித்தேன்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

ஒச்சம்மா ஒரு லிட்டர் பாட்டிலைக் கூடைப் பிடியில் கயிறு போட்டுக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறாள். காலையில் பார்த்தேன், நிறைந்திருந்தது. சாயங்காலம் பார்த்தேன், நிறைந்தே இருந்தது.

"டாக்டரம்மா குடிக்கச் சொல்லுது. நகராட்சி போகக் கூடாதுங்குது. நான் யாரு பேச்ச சார் கேக்க?"

அவள் சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். மல்லியை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டினேன்.

செப்டம்பர் 2, செவ்வாய்

இன்று என்னிடம் நேராகவே கேட்டாள். "சாவி ஒங்ககிட்டதான சார் இருக்கு. ஒரு நாளைக்கு ரெண்டே தடவ. நானே கழுவி விட்டுர்றேன். ஒருத்தருக்கும் தெரியாது."

சாவி என் பான்ட் பையில் தொடையில் குத்திக்கொண்டிருந்தது. கலெக்டர் வந்து போகட்டும், எட்டாம் தேதிக்கு அப்புறம் பார்க்கலாம் என்றேன். திறந்தால் நாலு வருடம் ஏன் மூடினாய் என்று கேட்பார்கள் அல்லவா. ஆறே நாள்தான் என்று சொன்னேன். ஆறு நாளில் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது.

ஸ்டாக் சரிபார்த்தேன். உறக்கம் வரவில்லை. எழுதிவிட்டேன் பார், உறக்கம் என்று.

செப்டம்பர் 4, வியாழன்

கதிரேசன் காலை பதினொன்றே காலுக்கு அலுவலக வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் போட்டான். டெப்போ சுவருக்குப் பின்னாலிருந்து ஒச்சம்மா வெளியே வருகிறாள். கையில் பாட்டில், பாதி காலி. போனைப் பார்த்துவிட்டாள் போலிருக்கிறது. முகத்தைத் திருப்பவில்லை, மூடவும் இல்லை. பிடிபட்ட திருடியைப்போல அல்ல, ஒரு சொந்தக்காரனை இப்படி ஓர் இடத்தில் பார்த்ததுபோலப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

ஆணையர் கட்டைவிரலை உயர்த்திப் பதில் போட்டார். அதற்குக் கீழே இருபத்து மூன்று கட்டைவிரல். ஒன்று என்னுடையது. பழக்க தோஷம். அழிப்பதற்குள் எல்லாரும் பார்த்துவிட்டார்கள்.

செப்டம்பர் 5, வெள்ளி

ஆணையர் கூப்பிட்டார்.

"திங்கட்கிழமை கலெக்டர் வர்றப்ப அந்தப் பூக்கார அம்மா படம் மட்டும்தான் பிளக்ஸ்ல இருக்கணும். ஒரே முகம். பெருசா."

"சார், அந்தம்மாவுக்கு உடம்பு சரியில்ல. டாக்டர் தண்ணி குடிக்கச் சொல்லியிருக்கார்."

"ஆம்பளைங்க படத்தப் போட்டா பாலாபிஷேகம் பண்றாங்க. கூட்டிக் கழிச்சுப் பார்த்துட்டேன். பொம்பளை படத்தப் போட்டாத்தான் அவமானம் வேலை செய்யும். அடுத்த நாள் ஒருத்தியும் ஒதுங்க மாட்டா. விதி பதினொண்ணு, ஆண் பெண் பேதமின்றி. நீங்க எழுதினதுதானே?"

"பெண்கள் கழிப்பறை மூடியிருக்கு சார்."

"ஏன் மூடியிருக்கு?"

இருபத்தேழு வருட சர்வீஸில் எவரும் என்னிடம் இவ்வளவு சுலபமான கேள்வி கேட்டதில்லை.

"பழுது சார்" என்றேன்.

மதியம் ஸ்டோர் ரூமில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கதவு தட்டும் சத்தம். நாலு வருடத்தில் அந்தக் கதவை யாரும் தட்டியதில்லை. ஒச்சம்மா. உள்ளே எட்டிப் பார்த்தாள். மூட்டை, பெஞ்சு, தலையணை, மின்விசிறி, ஓரத்தில் நான் எனக்கென்று கழுவி வைத்திருக்கும் ஒரு கழிவறை. எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வெளியிலேயே நின்றாள்.

"என் படத்தத்தான் போடப்போறாகன்னு கதிரேசன் சொன்னான். போடுங்க. செஞ்சது செஞ்சதுதான். ஒண்ணே ஒண்ணு சார். எங்கடைக்கு எதுத்தாப்புல கட்டாதீக. காலேசுப் பிள்ளைக பூ வாங்க வரும். பத்தொம்பது வருசமா என்னையப் பாத்து அக்கா, அத்தைன்னு சிரிக்கிற பிள்ளைக. அதுக சிரிப்ப நான் வேற மாதிரி பாக்க முடியாது. அப்பறம் இந்த எடத்துல நான் கூடை வைக்க மாட்டேன்."

பெஞ்சிலிருந்து எழுந்தேன்.

"இதை நான் ஒருத்தர்ட்டயும் சொல்லல சார்" என்று பெஞ்சைக் காட்டினாள். "நாலு வருசமா ரெண்டு மணிக்கு நீங்க உள்ள போறதும், மூணரைக்கு மூஞ்சி வீங்கி வர்றதும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். சொல்லியிருக்கலாம். மனுசனுக்கு அசதி இருக்கும்லன்னு விட்டுட்டேன்."

போய்விட்டாள். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். திட்டுக்குப் பதில் சொல்வதில்தானே என் வேலைக்காலம் முழுக்கப் போயிருக்கிறது. வெட்கமாக இருந்தது. வேறு எப்படி எழுதினாலும் பொய்.

செப்டம்பர் 6, சனி

கோகிலாவிடம் காலையில் கேட்டேன். "நீ ஏன் வந்ததும் வராததுமா கொல்லைக்கு ஓடுற?"

இட்லியைத் தட்டில் வைத்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். "கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம் கழிச்சுக் கேக்குறீங்க. எங்க ஆபீஸ்ல பாத்ரூம் இல்ல. பஸ் ஸ்டாண்டுல இருந்துச்சு, போய்க்கிட்டு இருந்தேன். நாலு வருஷமா அதுவும் பூட்டு. ஒங்ககிட்டச் சொன்னேனே. குழாய்ப் பழுதுன்னு சொன்னீங்க."

சொல்லியிருக்கிறாள். நான்தான் ஒச்சம்மாவுக்குச் சொன்ன அதே பதிலை, அதே குரலில், சொந்த வீட்டிலும் சொல்லியிருக்கிறேன்.

ஜெயபாண்டி கடைக்குப் போனேன். ஒச்சம்மா படம் கம்ப்யூட்டரில் தயாராக இருந்தது. அதை எடுக்கச் சொல்லிவிட்டு, என் அடையாள அட்டையைக் கொடுத்தேன்.

"என்ன சார், ஒங்க படமா? பெறந்தநாளா?"

"அடிப்பா. விதி ஏழு."

வாசகத்தை நானே எழுதிக் கொடுத்தேன். 'குற்றம்: பொது இடத்தைச் சொந்த உபயோகத்துக்குப் பிடித்து வைத்தல். இடம்: பெண்கள் கழிப்பறை, பஸ் ஸ்டாண்டு. காலம்: நான்கு ஆண்டுகள் இரண்டு மாதம். குற்றவாளி: மு. பரமகுரு, சுகாதார ஆய்வாளர்.' ஜெயபாண்டி இரண்டுமுறை படித்தான். சிரிப்பதா வேண்டாமா என்று அவனுக்குத் தெரியவில்லை.

"அடியில இவண்ணு யாரு பேர சார் போட?"

யோசித்தேன். ஒரு பெயரும் வரவில்லை. "காலியா விட்ரு" என்றேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

பிளீச்சிங் மூட்டை நாற்பத்தொன்று. நானும் இரண்டு துப்புரவுப் பணியாளர்களும் வெளியே இறக்கினோம். தரையைத் தேய்த்தது நான். குழாயைத் திறந்தேன். முதலில் காற்று, பிறகு துரு, பிறகு தண்ணீர். பழுது ஒன்றும் இல்லை.

குளிர் காலத்துக்கு இப்போதே ஒரு ஸ்வெட்டர் வாங்கிக்கொண்டால் விலை குறைவு.

செப்டம்பர் 8, திங்கள்

பிளக்ஸ் காலை ஆறு மணிக்கே ஏறிவிட்டது. நானே ஏணி பிடித்தேன்.

ஏழு மணிக்கு சோனைமுத்து வந்து எழுத்துக்கூட்டிப் படித்தான். பாலோடு வருவான் என்று பார்த்தேன். வரவில்லை. மொக்கச்சாமி வந்தார், வாயில் வெற்றிலையோடு. படித்தார். என்னைப் பார்த்தார். துப்பாமல் விழுங்கிவிட்டார். பஸ்ஸிலிருந்து இறங்கிய பெண்கள்தான் சத்தமாகப் படித்தார்கள். ஒருத்தி படிக்க, மற்றவர்கள் சிரிக்க, அடுத்த பஸ்ஸுக்காரிகள் வந்து மறுபடி முதலிலிருந்து. "இந்தாளா? இந்தாளுதானா?" என்று முகத்துக்கு நேராகவே பார்த்தார்கள். காது எரிந்தது. ஐந்து வாரத்தில் பிளக்ஸால் மானம் போன ஒரே ஆள் நான்தான். திட்டம் வேலை செய்கிறது என்று ஆணையருக்கு எழுதலாம்.

ஆணையர் கலெக்டரோடு பத்து மணிக்கு வந்தார். பிளக்ஸைப் பார்த்ததும் அவர் நடை பின்னியது. கலெக்டர் அம்மா நின்று முழுக்கப் படித்தார்.

"இது நீங்களா?"

"ஆமாம் மேடம்."

"கழிப்பறை இப்ப?"

"திறந்திருக்கு மேடம்."

உள்ளே போய்விட்டு வந்தார். கையில் என் தலையணை. மூட்டைகளை எடுத்தவன் அதை எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை.

"இது யாருடையது?"

"என்னுது மேடம்."

ஊரே பார்த்துக்கொண்டிருக்க, தலையணையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். ஆணையர் பக்கம் திரும்பி, "நாலு வருஷம் பூட்டியிருந்தது உங்க அலுவலகத்துல வேற யாருக்குமே தெரியாதா?" என்று கேட்டார் கலெக்டர். ஆணையர் கைக்குட்டையை எடுத்தார். அவருக்கு நான் சொன்ன பதில் தெரியும். 'பழுது.' ஆனால் சொல்லவில்லை.

மாலை நான்கு மணிக்கு இரண்டு காகிதம் வந்தன. ஒன்று ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று கேட்டு. இன்னொன்று மலைக்கு. பச்சை நோட்டைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்துவிட்டேன். இந்த டைரியைப் பற்றி யாருக்கும் தெரியாது.

ஐந்து மணிக்குத் தலையணையை அக்குளில் இடுக்கிக்கொண்டு பூ வாங்கப் போனேன். ஒச்சம்மா பிளக்ஸ் பக்கம் திரும்பவில்லை. கூடையிலிருந்து பாட்டிலை அவிழ்த்தாள். மூடியைத் திருகினாள். அண்ணாந்து, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல், நிதானமாகக் குடித்து முடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"கடையப் பாத்துக்கங்க சார். போயிட்டு வந்துர்றேன்."

பூக்கூடைக்குப் பக்கத்தில் நின்றேன். ஒரு கல்லூரிப் பெண் வந்து ஒரு முழம் கேட்டாள். என் கையால் அளந்து கொடுத்தேன். முழம் குறைவு என்றாள்.

ஏழு மணிக்குக் கோகிலா வந்தாள். வாசலில் நின்று ஒவ்வொரு செருப்பாகக் கழற்றி ஓரமாக வைத்தாள். உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். தலையணையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"மலையில குளிருமே" என்றாள். "ரெண்டு ஸ்வெட்டரா வாங்கிருங்க."